மருதாயியின் அறையைக் கேட்ட மிஷின்

மருதாயியின் கணவர் கருப்பண்ணன் 1968இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி சேலத்துக்குப் படம் பார்க்கப் போனார். இருபது வருடம் கழித்து, அவர் என்ன ஆனார் என்று நான் கேட்டேன்.

"படம் நொம்பப் பெருசாட்ட இருக்குதுங்க" என்றார் மருதாயி. "இன்னும் உடலீங்க."

சொல்லும்போது களைக்கொத்தின் காம்புக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். அடியின் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் பிறந்தது நாகலூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டின் லைனில். லைன் என்றால் ரயில் பெட்டிகளைப் போல ஒட்ட ஒட்டக் கட்டிய ஒற்றை அறைகள். வேலை இருக்கும்வரை அறை, வேலை போனால் அறையும் போச்சு. தாத்தா காலத்தில் ராசிபுரம் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். ஒன்பது வயதில் மருதாயி 'அரையாள்' ஆனார். அரையாளுக்குக் கூலிதான் பாதி, வேலை முழுசு. பழம் பறித்தார், விறகு சுமந்தார், களை வெட்டினார். கல்யாணம் ஆனது, அந்தப் படமும் ஆரம்பித்தது. மறுநாள் திங்கட்கிழமை. அன்றைக்கும் களை வெட்டினார்.

அந்த எஸ்டேட் துண்டு துண்டாக விற்பனைக்கு வந்தபோது ஒரு துண்டை 1984இல் நான் வாங்கினேன். பன்னிரண்டு ஏக்கர், ஓட்டு பங்களா ஒன்று, நான்கு லைன் அறைகள், அந்த அறைகளில் மருதாயி, சென்னம்மாள், காமாட்சி, மல்லிகா என்று களை வெட்டும் நான்கு பேர். வாங்கிவிட்டு மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்க் கவலைப்பட ஆரம்பித்தேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் என் பொறுப்பில் முப்பது பம்புகள் ஓடின. அவற்றைப் பற்றி எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. ஏற்காட்டில் என் புல் வளர்கிறதே என்பதுதான் கவலை. புல் வளர்ந்தால் பாம்பு வரும். பாம்பு வந்தால் ஆள் வராது. ஆள் வராவிட்டால் வேலி சாயும். வேலி சாய்ந்தால் பக்கத்துக்காரர் மாடு, அப்புறம் பக்கத்துக்காரரே. இதையெல்லாம் எண் போட்டு மாதம் இரண்டு கடிதம் எழுதினேன். என்னிடம் இருந்த ஒரே மேற்பார்வையாளரான ரைட்டர் காளியண்ணன், "தங்கள் கடிதம் கிடைத்தது. புல் கட்டுப்பாட்டில் உள்ளது" என்று பதில் எழுதுவார்.

1988 ஜூனில் கவலை முற்றி ஒரு பவர் டில்லர் வாங்கினேன். இரண்டு சக்கரம், ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், முன்னால் ஒரே ஒரு விளக்கு, பின்னால் மாட்டுக் கொம்பு போல நீண்ட இரண்டு கைப்பிடிகள். கூடவே மாற்றி மாற்றிப் பூட்டிக்கொள்ளும் சாமான்கள்: மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை, புல் வெட்டும் கத்தி, பாதையைச் சமன் செய்யும் தகடு, மருந்தடிக்கும் பம்பு, சுமை இழுக்க ஒரு ட்ரெய்லர். விளம்பரத் தாளில் ஒரு மனிதர் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டே இந்த ஐந்தையும் செய்துகொண்டிருந்தார். ஒரே ஆள். அதை நம்பி ஒரு கடிதம் போட்டேன்.

அந்தக் கடிதத்தை லைன் வாசலில் நின்று காளியண்ணன் படித்துக் காட்டியிருக்கிறார். பிற்பாடு சென்னம்மாள் அதை எனக்கு நடித்தே காட்டினார்: ஒரு கையில் கடிதம், ஒரு கை இடுப்பில்.

"இயந்திரத்தை ஓட்ட என் மச்சினன் மகன் சேகர் நியமிக்கப்படுகிறான். களை ஆட்கள் நால்வரும் ஆயுத பூஜையோடு நிறுத்தப்படுவார்கள். லைனின் கடைசி அறைக்கு அகலமான கதவு வைத்து, இயந்திரம் நிறுத்தும் கொட்டகையாக மாற்ற வேண்டியது."

கடைசி அறை மருதாயியுடையது.

"ஏனுங்க ரைட்டரு" என்றாராம் மருதாயி. "அதுக்கு நெஞ்சுச் சளி கிளி உண்டுங்களா?"

"எதுக்கு?"

"மிஷினுக்குங்க. என்ற ரூமு கூரை மூணு எடத்துல ஒழுகுது. நான் சட்டிய வெச்சுச் சமாளிக்கறேன். அது சட்டி வெக்குமா?"

"வாயக் குறை மருதாயி. தொர எழுதியிருக்காரு."

"தொர எழுதுவாருங்க. மிஷினுக்கு ஊடு, எனக்கு ரோடுன்னு எழுதுவாரு. அவரு இருக்கற ஊருல புல்லே மொளைக்காதாமே, நெசமுங்களா?"

நிஜம்தான்.

மிஷின் லாரியில் வந்து இறங்கியது. ஒற்றை விளக்கைப் பார்த்துப் பெண்கள் அன்றைக்கே அதற்கு ஒத்தக்கண்ணன் என்று பேர் வைத்துவிட்டார்கள். கற்றுக்கொடுக்கச் சமவெளியிலிருந்து ஒரு ஆள் கூடவே வந்தார். பங்களா முன்னால் இருந்த புல்வெளியில், அந்தப் பன்னிரண்டு ஏக்கரில் மட்டமாக இருக்கும் ஒரே இடத்தில், சேகருக்கு மூன்று நாள் பாடம் நடத்தினார். இரண்டு கைப்பிடியிலும் அடியில் ஒவ்வொரு லிவர். இடது லிவரை அழுத்தினால் இடது சக்கரத்துக்கு எஞ்சினோடு உறவு விட்டுப்போகும், வலது சக்கரம் மட்டும் உருளும், வண்டி இடது பக்கம் திரும்பும். வலதுக்கு வலது. அவ்வளவுதான். மூன்று நாளும் கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, "குழந்தை கூட ஓட்டும்" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார்.

நாலாம் நாள் சேகர் ட்ரெய்லரில் விறகு ஏற்றிக்கொண்டு கீழே கேட்டுக்குப் புறப்பட்டான். பங்களாவிலிருந்து கேட்டுக்கு அரை கிலோமீட்டர் மண் பாதை. ஒரு செங்குத்து இறக்கம், நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி சின்ன ஏற்றம், மறுபடி இறக்கம், இரண்டு வளைவு. முதல் வளைவு இடது பக்கம். சேகர் இடது லிவரை அழுத்தினான். ஒத்தக்கண்ணன் வலது பக்கம் திரும்பியது. பயந்து இன்னும் பலமாக அழுத்தினான். அது இன்னும் பலமாக வலது பக்கம் போய், சேகரோடும் விறகோடும் சாணிக் குழியில் இறங்கி நின்றது. சேகருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஒரு வாரம் அவனோடு யாரும் டீக்கடை பெஞ்சில் உட்காரவில்லை.

அது ஏன் எதிர்ப்பக்கம் போனது என்பதற்குக் காளியண்ணன் ஒரே நாளில் பதில் கண்டுபிடித்தார். கம்பெனியில் கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டார்கள். குப்பனூரிலிருந்து சித்தன் என்ற மெக்கானிக் வந்தார். இடது லிவரிலிருந்து போகும் கம்பியை வலது சக்கரத்துக்கும், வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டினார். இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்டது. சித்தனுக்கு மாலை போடாத குறை. அப்புறம் மட்டமான புல்வெளிக்கு வந்து இடது லிவரை அழுத்தினான் சேகர். மிஷின் வலது பக்கம் திரும்பி ரோஜாப் பாத்தியை உழுதது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். இவர்கள் யோசிக்கவில்லை, ஸ்பேனர் வாங்கினார்கள். சித்தனை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டார்கள். மட்டத்தில் கம்பி ஒரு மாதிரி. இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்து, சக்கரத்துக்குக் கல் வை, கம்பியை மாற்று. நடுவில் திமில் வரும்: நிறுத்து, மாற்று. மறுபடி இறக்கம்: மாற்று. கேட்டருகே மட்டம்: மாற்று. ஒரு நடைக்கு நான்கு முறை. ஒவ்வொரு முறையும் சித்தன் படுத்துக்கொண்டு மாற்றுவார், சேகர் டீ குடிக்கப் போவான். அரை கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். புல் இடுப்புக்கு வந்துவிட்டது. "இயந்திரம் நாள்தோறும் தவறாமல் பராமரிக்கப்பட்டு வருகிறது" என்று எனக்குக் கடிதம் வந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

செப்டம்பர் கடைசியில் பத்து நாள் லீவில் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையே மிஷின் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்றேன். ட்ரெய்லர் நிறைய எரு ஏற்றினார்கள். நான் பின்னால் நடந்தேன். மருதாயியும் மற்ற மூவரும் மேட்டில் களை வெட்டுவது போல நின்றார்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டி நின்றது. சித்தன் அடியில் போனார்.

"என்ன ரிப்பேர்?" என்றேன்.

"ரிப்பேர் இல்லீங்க, வழக்கமான மாத்தல்தானுங்க" என்றார் காளியண்ணன் பெருமையாக. விளக்கியும் சொன்னார். நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். கேட்டுவிட்டுத் தலையைப் பலமாக ஆட்டினேன். டிசைன் கோளாறு, கம்பெனிக்கு எழுதுகிறேன், இங்கிலீஷில் எழுதினால்தான் உறைக்கும் என்று சொன்னேன்.

மேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கம்பிய எதுக்குங்க மாத்தறீங்க? கைய மாத்துங்களே!"

காளியண்ணன் திரும்பினார். "மருதாயி, உனக்கு என்ன தெரியும்?"

மருதாயி கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். என்னிடம்தான் பேசினார்.

"என்ற அப்பன் குப்பனூருப் பாதையில வண்டிக்காரனுங்க. ஏத்தத்துல மாடு வண்டிய இழுக்கும். எறக்கத்துல வண்டி மாட்டத் தள்ளும். எறக்கத்துல மாடு ஓடறதுக்கு இல்லீங்க, புடிச்சு நிறுத்தறதுக்கு. இதுல மாடு எஞ்சினுதானுங்க. எடது லிவரை அமுக்குனா எடது சக்கரத்த மாடு உட்டுப்போடுது. ஏத்தத்துல அது சோந்து நிக்கும். எறக்கத்துல? புடிக்கறதுக்கு ஆளில்லாத சக்கரம் முந்திக்கிட்டு ஓடாதுங்களா? எடது பக்கம் முந்துனா வண்டி வலத்தால போவாம எங்க போவும்?"

சித்தன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். நான் ஐந்து வருடம் படித்த படிப்பை மனதுக்குள் வேகமாகப் புரட்டினேன். இது இருந்தது. எந்தப் பக்கத்தில் என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

"பேசறது சுலபம்" என்றார் காளியண்ணன். "ஓட்டுவியா?"

"தள்ளி நில்லுங்க."

"விழுந்தா அந்த ரூமுகூட ஆயுத பூஜை வரைக்கும் இல்ல. இன்னிக்கே சாமான எடுத்துக்கிட்டுப் போகணும். சரிதானுங்களே தொர?"

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அப்போது என் மனதில் ஓடியது இன்சூரன்ஸ்.

மருதாயி சித்தனை அடியிலிருந்து வரச் சொன்னார். கம்பி கம்பெனி பூட்டியபடியே இருக்கட்டும் என்றார். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார். எஞ்சின் அணைந்திருந்தது. கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைப் பிடித்தார். அது திருப்பி அடித்தால் கட்டை விரல்தான் முதலில் முறியும். இரண்டு சுற்று, மூன்றாவதில் எஞ்சின் பிடித்தது. அந்த லாவகத்தைப் பார்த்துக் காளியண்ணனுக்கு முகம் கோணியது.

"யாரு கத்துக் குடுத்தா?"

"உங்க சேகருதானுங்க. டீ குடிக்கப் போவானில்ல, ஒரு நடைக்கு நாலு தடவ. சித்தண்ணன் கம்பிய மாத்தறதுக்கு முந்தி மர நெழல்ல படுத்துக் குறட்ட உடுவாரு. நான் அந்த நேரத்துல மேலயும் கீழயும் கொஞ்சம் கொஞ்சமா..."

"மாமா, எனக்குத் தெரியாது" என்றான் சேகர் என்னிடம். ஆனால் அவன் முகத்தில் இருந்தது பயம் இல்லை. மிஷினை யாராவது தன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்களா என்று காத்திருந்தவனின் முகம் அது.

வண்டி புறப்பட்டது. மருதாயி ட்ரெய்லரின் முன் நுனியில் இருந்த தகரச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். மிஷினையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஆணி இறக்கம் தொடங்கியதும் 'டக்' என்றது. சுமை இப்போது தள்ள ஆரம்பித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். முதல் வளைவு இடது பக்கம். மருதாயி வலது லிவரை லேசாக அழுத்தினார். ஒத்தக்கண்ணன் இடது பக்கம் திரும்பியது. சாணிக் குழி வலது பக்கத்தில் சும்மா கிடந்தது.

ஆபத்து அடுத்த வளைவில்தான், அதுவும் இடது பக்கம். திமில் ஏறி முடிவதற்கு முன்பே அது தொடங்குகிறது. பாதி வளைவு ஏற்றம், மீதி இறக்கம். கைகளை நடுவில் மாற்ற வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் வண்டி வலது பக்கம் திரும்பும், அங்கே பள்ளம். மேட்டிலிருந்து சென்னம்மாள் கத்தினார்: "அக்கா, பாத்து!"

"எங்கடி பாக்கறது! கேக்கோணும்! சத்தம் போடாதீங்கடி!"

வண்டி வளைவின் நெற்றியில் ஏறியது. இடது கை இறுகியிருந்தது. முன் விளக்கு பள்ளத்தைப் பார்த்தது, அப்புறம் வானத்தைப் பார்த்தது. 'டக்.' இடது கை விட்டது, வலது கை பிடித்தது. ட்ரெய்லரின் பின் சக்கரம் பள்ளத்து விளிம்பில் இருந்த ஒரு கல்லை உதைத்து அனுப்பியது. அந்தக் கல் உருண்டு போகும் சத்தம் வெகு நேரம் கேட்டது. வண்டி அதன் பின்னால் போகவில்லை. கேட்டுக்கு முன்னால் மட்டத்தில் வந்து நின்றது.

ஆறு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்த காளியண்ணன் அதைக் காதில் வைத்துக் குலுக்கினார்.

அன்று மத்தியானம் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து பெருந்தன்மையோடு ஆரம்பித்தேன். "மருதாயக்கா, இனிமேல் மிஷின் உங்க பொறுப்பு. உங்க ரூம் உங்களுக்கே. மிஷினுக்கு சென்னம்மா ரூமை எடுத்துக்கலாம். மத்த மூணு பேரையும்..."

"நிறுத்தச் சொல்லீட்டீங்களா?"

"ஒரு ஆள் போதும்னுதானே கம்பெனிக்காரர்..."

"அவரு புல்தரையில சொன்னாருங்க. எனக்கு நாலு பேரு வேணும். இல்லாட்டி நான் தொடமாட்டேன்."

"நாலு பேரா?"

"ஒருத்தி கைப்பிடி. ஒருத்தி முன்னால போயி கல்லுப் பொறுக்கோணும். புல்லு வெட்டற கத்தி கல்லுல பட்டுத் தெறிச்சுதுன்னா காலு போயிரும். ஒருத்தி பின்னால கட்டையோட வரோணும். நின்னா ஒடனே சக்கரத்துக்குக் குடுக்கோணும். ஒருத்தி தண்ணி. எஞ்சினு குடிக்கற தண்ணிக்குக் கெணத்துக்கும் மேட்டுக்கும் யாரு நடக்கறது, ரைட்டருங்களா?"

"கட்டை போட ஆள் இல்லாவிட்டால்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றார் மருதாயி சாந்தமாக. "நீங்க மஸ்கட்டுல சோத்துல கைய வைப்பீங்க. தந்தி வரும். மிஷினு வேலிய ஒடைச்சுக்கிட்டு, கீழ இருக்கற தோட்டத்துல ரெண்டு மாட்ட அடிச்சுப்போட்டு, குப்பனூரு ரோட்டுல பஸ்ஸு மேல உளுந்துருச்சுன்னு. பஸ்ஸுல எத்தன பேரு இருப்பாங்க ரைட்டரு? அறுவதா?"

"சந்தை நாள்ன்னா எம்பது" என்றார் காளியண்ணன், யோசிக்காமல்.

நான் எண் போட்டு எழுதிய கடிதங்களையெல்லாம் யாரோ மருதாயிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள், அவரும் கவனமாகக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. ஆனாலும் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நாலு பேரும் இருக்கட்டும் என்றேன். சேகரையும் கூட வைத்துக்கொள்ளலாமே, பாதுகாப்புக்கு என்றேன்.

"வேண்டாங்க. அவனுக்குக் கண்டக்டராவோணும்னுதான் ஆசை. நீங்க யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க, பொழச்சுப் போவட்டும்."

"அப்ப மிஷினை எங்கே நிறுத்தறது?"

"ரைட்டரு ஆபீசு முந்தி குதிர லாயமுங்களே. கதவு எத்தாச்சோடு அகலம், பாத்தீங்களா? இடிக்கவே வேண்டாம்."

காளியண்ணன் என்னைப் பார்த்தார். நான் தோட்டத்தைப் பார்த்தேன். அடுத்த வாரம் அவர் மேஜை பங்களாவின் பக்கவாட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தது. காற்றோட்டமாக இருக்கிறது என்று அவரே பிற்பாடு எழுதினார்.

மருதாயி எழுந்திருக்கவில்லை. "எழுதிக் குடுங்க" என்றார்.

பழக்க தோஷத்தில் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். நாலு வரி போனதும் மருதாயி காகிதத்தைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு, "இத யாருங்க எனக்குப் படிச்சுக் காட்டறது? ரைட்டரா?" என்றார். கிழித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். மேற்படி அறைகள், மேற்படி நபர்கள், பணி நீடிக்கும் காலம் வரை என்று வந்தது. மல்லிகா ஐந்தாவது வரை படித்தவர். வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பணி நீடிக்கும் காலம்னா எவ்வளவு நாளு, அக்கா?"

"அவரு நெனைக்கற வரைக்கும்" என்றார் மருதாயி. "கண்ணு, அத அடிச்சுப்போட்டு, நாங்க சாவற வரைக்கும்னு எழுது சாமி."

தொர கண்ணு ஆகிவிட்டார். நான் அடித்துவிட்டு எழுதினேன். நான்கு பேர் பெயரும் போட்டு, நான்கு அறையும் எண் போட்டு, கையெழுத்துப் போட்டேன். மல்லிகா இரண்டாம் முறை படித்து, ஒரு தடவை தலையாட்டினார். மருதாயி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே பார்த்தார். கரடியூர்ப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கடி, மழைக்கு முந்தி மேக்காட்டுப் புல்லப் பாதியாச்சும் வெட்டிப்போடலாம்" என்று குரல் கொடுத்தார். சென்னம்மாள் கட்டையை எடுத்துக்கொண்டார், காமாட்சி குடத்தை எடுத்துக்கொண்டார், மல்லிகா கல் பொறுக்க முன்னால் ஓடினார். எஞ்சின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. நான் பாதை நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் போல.

"அக்கட்டால போங்க கண்ணு" என்றார் மருதாயி. "வண்டி வருதில்ல."